என் வைஃபைக்குப் பூட்டுப் போட்ட கதை

1

சென்ற வாரம் யாரோ ஒருவர் இணையத்தில் என் வீட்டைப் பற்றி எழுதியிருந்தார். "நீலக் கதவு வீட்டின் இலவச வைஃபை இப்போது பூட்டப்பட்டிருக்கிறது. வருத்தம். முன்பு அங்கே ஓர் அன்பான ஆசியப் பெண் இருந்தாள்." அதற்குக் கீழே மூன்று பேர் தங்கள் துயரத்தையும் பதிந்திருந்தார்கள்.

அந்த அன்பான ஆசியப் பெண் நான்தான். நான் இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன், அன்புதான் இல்லை. பூட்டைப் போட்டது நான். போட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த மனிதர்களின் விளையாட்டால் என் அண்ணன் யோகராஜ் பொலிஸ் கூண்டுக்குள் நான்கு நாட்கள் இருந்ததற்கும் அதே வயதுதான்.

"சும்மா கெடக்குற இன்டர்நெட்ட நாலு பேருக்குக் குடுத்தா என்னா கொறஞ்சிரும்?" என்று இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் சோட்டுப் பெண்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள். என்ன குறைந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதுவது என் தொழில் பழக்கம்.

2

தெற்கு ஜெர்மனியில் ஆற்றோரமாக ஒரு சிறு நகரம். நிறுவனங்களுக்குக் கணினி வலையமைப்பு போட்டுக் கொடுப்பதும், அது படுத்துக்கொண்டால் எழுப்பி விடுவதும் என் வேலை. வீடு கீழ்த்தளம். முன்னால் சைக்கிள் பாதை, பாதையோரம் ஒரு மர பெஞ்சு, கொஞ்சம் தள்ளிப் பழைய கல் பாலம். அந்தப் பாலத்தின் கல் இடுக்கில் ஒரு டப்பா இருக்கிறது. எல்லாம் அந்த டப்பாவில்தான் ஆரம்பித்தது.

ஜியோகேஷிங் என்றொரு விளையாட்டு. ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஓர் இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் கையில் ஜி.பி.எஸ். கருவியோடு வந்து தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் குறிப்புப் புத்தகத்தில் பெயரெழுதி, பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, இணையதளத்தில் பெருமையடித்துக்கொள்வார்கள். இதைச் செய்பவர்கள் சிறுவர்கள் அல்ல. ஓய்வூதியம் வாங்கும் வயதினரும் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு மூன்று கட்டளைகள் உண்டு. ஒன்று, பெட்டியை வைப்பதும் எடுப்பதும் யார் கண்ணிலும் படக்கூடாது. இரண்டு, யாராவது பார்த்துவிட்டால் வேறேதோ செய்வதுபோல் நடிக்க வேண்டும். சப்பாத்து வார் கட்டலாம், பறவை பார்க்கலாம். மூன்று, ஆட்டம் தெரியாத ஆளிடம் இடத்தைச் சொல்லக்கூடாது. ஆட்டம் தெரியாத மீதி மனிதகுலத்துக்கு அவர்களிடம் ஒரு கேலிப்பெயர்கூட இருக்கிறது. அதாவது உங்களுக்கும், என் அம்மாவுக்கும்.

நான் அந்த வீட்டுக்குக் குடிபோன முதல் இலையுதிர் காலத்தில், மழையில் நனைந்த ஒரு பெண் கதவைத் தட்டி ஐந்து நிமிடம் இணையம் பார்க்க முடியுமா என்று கேட்டாள். கொடுத்தேன். அவள் பாலத்துப் பெட்டிக்கான இணையப் பக்கத்தில் என்னைப் புகழ்ந்து எழுதினாள். அதன்பின் வாரம் நாலைந்து பேர் தட்ட ஆரம்பித்தார்கள். கதவைத் திறந்து திறந்து மூடுவதற்கு இது மேல் என்று விருந்தாளிகளுக்கு ஒரு தனி இணைப்பைப் பிரித்து, கடவுச்சொல் இல்லாமல் விட்டேன். அதற்கு HATTON என்று, மலைநாட்டில் இருக்கும் என் ஊர்ப் பெயரை வைத்தேன். அந்தப் பெயரைப் பார்த்து, அது ஓர் ஊரா என்று ஒருவராவது கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்டவர் ஒரே ஒருவர். அவரைப் பற்றிப் பிறகு.

3

நான் ஏன் கொடுத்தேன் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தாராள மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

திம்புள்ளப் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பிராக்களுக்கு இடையில் இருந்த சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் ரேடியோ போட்டால் வரிசையில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் கேட்கும். செய்தி யாருடையது, பாட்டு யாருடையது என்ற கேள்வி எழுந்ததே இல்லை. தொண்ணூறுகளில் எங்களுக்கு வரும் கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போய், காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது எல்லார் முன்னாலும் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்படும். வாங்குவதற்கு முன்பே "யாரு, கொழும்பு மாமாவா?" என்று நாலு பேர் கேட்பார்கள். தனக்கென்று ஓர் இணைப்பு, அதற்கு ஒரு பூட்டு என்பது நான் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம். கூடவே வளர்ந்த விஷயம் அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த நகரத்தில் யாழ்ப்பாணத் தமிழர் குடும்பங்கள் சில இருக்கின்றன. வந்த புதிதில் ஒரு பொங்கல் கூட்டத்துக்குப் போனேன். ஓர் அம்மா அன்பாகப் பேசிக்கொண்டே, "நீங்கள் எவ்விடம், பிள்ளை?" என்றார். ஹட்டன் பக்கம் என்றேன். "ஓ, தேயிலைத் தோட்டமே? ஆனா நல்லாப் படிச்சிருக்கிறியள், என்ன" என்றார். அந்த 'ஆனா'வை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அவருடைய பிள்ளைகள் பிறகு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்து விளையாட்டு இறக்கிக்கொண்டார்கள். தமிழில் பெயர் கேட்டால் ஜெர்மனில் வயதைச் சொல்லும் பிள்ளைகள்.

ஜெர்மன் மொழியிலும் நீ, நீங்கள் உண்டு. அலுவலகத்தில் எல்லோரும் என்னை நீங்கள் என்றே அழைத்தார்கள். குடியிருப்புப் பதிவு அலுவலகத்தில் என் பிறந்த வீட்டின் தெருப் பெயர் என்ன என்று கேட்ட எழுத்தரிடம், லயத்துக்குத் தெரு இல்லை, இலக்கம்தான் உண்டு என்று விளக்கினேன். அவர் அதை மிக மரியாதையாக 'முகவரியற்றவர்' என்ற கட்டத்தில் போட்டார். பெட்டிக்காரர்களோ முதல் நாளே என்னை நீ என்றார்கள். வீட்டு ஆளாகிவிட்டேன் என்று மகிழ்ந்தேன். அது அவர்களுடைய கிளப் பழக்கம். நாயையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

4

என் பெஞ்சுக்கு வந்தவர்களில் நான் வகைப்படுத்தியவர்கள்:

சொக்சைக் கழற்றிப் பெஞ்சின் முதுகில் காயப்போட்டுவிட்டு மின்னஞ்சல் பார்ப்பவர்கள்.

கதவைத் தட்டி, "இன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே" என்று புகார் சொல்பவர்கள். ஒருவர் இரண்டு முறை தட்டினார். இரண்டாம் முறை அவர் குரலில் கண்டிப்பு இருந்தது.

காசே செலவழிக்காமல் பன்னிரண்டு நாடுகளைச் சுற்றியதாகச் சொல்பவர்கள். செலவழித்தவர்கள் யாரென்று அவர்கள் யோசித்ததில்லை. ஒருவன் என் கழிவறையையும் கேட்டான்.

சிலோன் என்றதும் கண்ணை மூடுபவர்கள். "அடடா, அந்தப் பச்சை!" என்பார்கள். அந்தப் பச்சைக்குள் அட்டை இருக்கிறது, காலில் ஏறி இரத்தம் குடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அதையும் ரசித்தார்கள்.

5

HATTON என்பது ஓர் ஊரா என்று கேட்டவர் மத்தியாஸ். நகரத்துப் பள்ளியில் புவியியல் ஆசிரியர், ஐம்பது வயதிருக்கும். பெட்டிக்காரர்கள் வட்டத்தில் பெரிய ஆள். அவர் ஒளித்த பெட்டிகளைத் தேடியே ஆட்கள் வேறு நகரங்களிலிருந்து வருவார்கள். எங்கள் பக்கத்துச் சிவனொளிபாதமலை ஏற ஆசை என்றார். சொந்த ஊரின் பெயரைக் கேட்டதில் உருகிப்போய், அந்த மலையடிவாரத்து நல்லதண்ணிக்கும் ஹட்டனுக்கும் ஆட்டோ ஓட்டும் என் அண்ணனின் எண்ணைக் கொடுத்தேன். நடந்தவற்றில் முதல் தவறு அது. செய்தது நான்.

அண்ணன் இரண்டு நாட்கள் அவரை ஏற்றிக்கொண்டு திரிந்தான். மலையடிவாரம்வரை கொண்டுபோய் விட்டான், கூட்டி வந்தான், எங்கள் லயத்தில் சோறு போட்டான். வடக்கில் போர் மறுபடி மூண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்துப் பையன்களைச் சோதனைச் சாவடியில் இறக்கி நிறுத்துவது அன்றாடம். வெள்ளைக்காரர் உள்ளே இருந்ததால் இரண்டு நாளும் தன்னை யாரும் இறக்கவில்லை என்று அண்ணன் சந்தோஷப்பட்டான்.

திரும்பி வந்த மத்தியாஸ் பெஞ்சில் உட்கார்ந்து என் இணைப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உன் ஊருக்கு ஒரு பரிசு வைத்துவிட்டு வந்திருக்கிறேன்" என்றார்.

"என்ன பரிசு?"

"சொல்லமாட்டேன். விதி."

தோட்டத்துப் பள்ளிக்கு ஏதாவது கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

6

இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், வேலையிடத்தில் இருந்தபோது அம்மா கூப்பிட்டார். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார்.

"மலரு, யோகுவப் பொலிசு புடிச்சிட்டுப் போயிருச்சுடி."

"எதுக்கும்மா?"

"குண்டாம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மொதல்ல இருந்து சொல்லும்மா என்றேன். அம்மா சொன்னார்.

"ஏழாம் நம்பர் மலையில நேத்து நாங்க எடுத்துக்கிட்டு இருக்கோம். ஒரு வெள்ளக்காரப் புள்ள ஒத்தையில வருது. கையில போன் மாதிரி ஒன்னு. அதையே பாத்துக்கிட்டு நடக்குது. கல்லுக் கட்டுக்கிட்ட வந்து குந்துச்சு. சப்பாத்து வாரக் கட்டுது, கட்டுது, கட்டிக்கிட்டே இருக்கு. நாங்க பாத்தா நிமிந்து மேகத்தப் பாக்குது. ராசாத்தி அக்கா சொல்லுது, 'ஏய் பாவம்டி, ஒதுங்க எடம் தேடுதுபோல, அங்கிட்டுத் திரும்புங்கடி'ன்னு. நாங்க அம்புட்டுப் பேரும் முதுகக் காட்டிக்கிட்டு நின்னோம்."

சிரிப்பு வந்தது எனக்கு. அடுத்த வாக்கியத்தில் நின்றது.

"அது போனப்பறம் கங்காணி போய்ப் பாத்தாரு. கல்லு ஒன்னு பெரண்டு கெடக்கு. உள்ள பச்ச டேப்பு சுத்துன பெட்டி. மூடியில நம்பரு நம்பரா எழுதியிருக்கு. தொரைக்குச் சொல்லி, பொலிசு வந்து, ஆமிக்காரனுங்க வந்து, பெரட்டுக்களத்துல வச்சு வெடிக்க வச்சானுங்க. ஊருக்குள்ள வெள்ளக்காரன யாரு கூட்டியாந்ததுன்னு கேட்டா எல்லாரும் யாரச் சொல்லுவாங்க? ஒங்கண்ணன் ஒருத்தன்தானே கூட்டியாந்தான்."

மத்தியாஸின் பரிசு அந்தப் பெட்டிதான். அதற்குள், இது ஒரு விளையாட்டு, பயப்பட வேண்டாம் என்று விளக்கும் ஒரு தாள் இருந்திருக்கும். எல்லாப் பெட்டியிலும் இருக்கும். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும். அதையும் சேர்த்துத்தான் வெடிக்க வைத்திருக்கிறார்கள். மிஞ்சியது எண்கள் எழுதிய மூடித் துண்டு. இட எண்கள் எழுதிய பச்சைப் பெட்டி, அதுவும் போர்க்காலத்தில், தோட்டத்துத் தமிழ்ப் பையனின் ஆட்டோவில் வந்திருக்கிறது. அண்ணன் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலம் ஒன்றில் கையெழுத்தும் போட்டுவிட்டான். சிங்களம் பேசுவான், வாசிக்கத் தெரியாது.

7

ஹட்டனில் எங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி அம்மா ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அந்தப் பொங்கல் கூட்டத்தை மனதிலிருந்து கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு அவரை அழைத்தேன்.

"தங்கச்சி, அழுது கதைக்க நேரமில்லை" என்றார். நான் அழவில்லை. "வெள்ளிக்கிழமை தடுப்புக் கட்டளை எடுத்துக் கொழும்புக்கு மாத்தப் போயினம். அங்க போனா ஆறு மாதமோ ரெண்டு வருசமோ, நான் சொல்லமாட்டன். அதுக்கு முதல் எனக்குப் பெட்டி வச்ச ஆள் வேணும்."

"ஆள் இங்க இருக்காரு, மேடம்."

"அப்ப அவரின்ர கையெழுத்தில ஒரு கடிதம். தான்தான் வச்சது, உங்கட அண்ணனுக்கு ஒண்டும் தெரியாது எண்டு. பாஸ்போர்ட் பிரதி. வேற அத்தாட்சி இருந்தா அதுவும். வியாழக்கிழமைக்கு முன்னம் ஃபக்ஸ் பண்ணுங்கோ."

முதலில் அத்தாட்சி. இணையதளத்தில் எங்கள் தோட்டத்தைத் தேடினேன். பக்கம் இருந்தது. மத்தியாஸ் என் பெஞ்சில், என் தேநீரைக் குடித்தபடி, என் இணைப்பில் ஏற்றிய பக்கம்.

"தேயிலைப் புதர்களுக்கு நடுவே, கல் அணைப்புக்குள். நாட்டின் நிலைமை காரணமாகச் சவால் அதிகம், ஆகவே சுவையும் அதிகம். சுற்றிலும் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தும் ஒருத்திகூடக் கவனிக்கவில்லை. என் ஓட்டுநர் கீழே சாலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இன்றுவரை அவருக்கு ஒன்றும் தெரியாது. பூரண வெற்றி!"

கீழே, "நில உரிமையாளரின் அனுமதி உண்டா?" என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறியிட்டிருந்தார்.

அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை, இந்த மனிதனின் தற்பெருமை என் அண்ணனை வெளியே கொண்டுவரப் போகிறது என்று புரிந்தது. மூன்று பிரதி அச்செடுத்தேன். யாரிடமும் பேசுவதற்கு முன் அச்செடுப்பது என் வேலையில் முதல் விதி.

8

புதன்கிழமை பிற்பகல் மத்தியாஸின் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவருடைய முதல் கேள்வி:

"பெட்டி போய்விட்டதா?"

"போய்விட்டது. என் அண்ணன் உள்ளே இருக்கிறான்."

"யாராவது அவர்களிடம் விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்களே. இது வெறும் விளையாட்டுத்தானே."

"நீ விளக்கு. எழுத்தில்."

தாடியைத் தடவினார். அனுமதி வாங்காமலே 'ஆம்' போட்டது வெளியே தெரிந்தால் இணையதளத்தில் தன் பெட்டிகளையெல்லாம் நீக்கிவிடுவார்கள் என்றார். பத்து வருட உழைப்பு என்றார். பள்ளியிலும் தெரியவரும் என்றார். பிறகு அவர் முகம் தெளிந்தது. ஒரு யோசனை வந்துவிட்டது.

"உள்ளூர் வழிகாட்டி அனுமதி தந்தார் என்று எழுதினால் என்ன? நான் மலையைக் காட்டிச் சிரித்தபோது அவரும் தலையாட்டினார். அது ஒருவகையில் அனுமதிதானே."

இதை அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. தன் பெட்டிகளைக் காப்பாற்ற என் அண்ணனை ஆயுள் முழுக்க உள்ளே தள்ளக்கூடிய ஒரு வாக்கியத்தை, பேருந்து நேரம் சொல்வதுபோல் சொன்னார்.

அச்செடுத்த பக்கத்தை மேசையில் வைத்தேன். ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது என்ற வரியின் கீழ்க் கோடு போட்டிருந்தேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார். "அது வேடிக்கையாக எழுதியது. இப்போதே திருத்திவிடுகிறேன்."

"திருத்து. இந்தத் தாள் திருந்தாது. இன்னொன்று காலையிலேயே ஹட்டனுக்குப் போய்விட்டது. மூன்றாவதை உன் பள்ளிக்கு அனுப்புவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை."

நான் குரலை உயர்த்தவில்லை. வாழ்நாளில் யாரையும் மிரட்டியதில்லை. அது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருக்கவில்லை. தனக்கு வைஃபை கொடுத்த அன்பான பெண்ணை அவர் என் முகத்தில் தேடினார்போலும். பிறகு ஒரு தாளை இழுத்துக்கொண்டார்.

என்ன எழுத வேண்டும் என்று ஐந்து குறிப்புகளாக நான் கொண்டுபோயிருந்தேன். அதைப் பார்த்து ஆங்கிலத்தில், தன் கையெழுத்தில் எழுதினார். நான் இன்னார். இந்தப் பெட்டியை வைத்தது நான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நான்காவது குறிப்புக்கு வந்ததும் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உன் அண்ணன் பெயர் என்ன?"

இரண்டு நாட்கள் அவன் பின்னால் உட்கார்ந்து போனவர். எங்கள் வீட்டில் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அந்தப் பக்கத்திலேயே மலையடிவாரத்துத் தேநீர்க் கடை நாயின் பெயரை எழுதியிருந்தார். புகைப்படமும் போட்டிருந்தார்.

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். Y. O. G. ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

9

வெள்ளிக்கிழமை பிற்பகல் அண்ணனை விட்டார்கள். ஆட்டோவை விடவில்லை. ஞாயிறுதோறும் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சட்டத்தரணி அம்மா அதற்கும் ஒரு மனு எழுதினார். என்னிடம், "கெட்டிக்காரிதான்" என்றார். அந்த வாக்கியத்தில் 'ஆனா' இல்லை.

இணையதளத்தில் மத்தியாஸ் கடைசியாக ஒரு பதிவு போட்டார். "பெட்டி அதிகாரிகளால் அழிக்கப்பட்டது. என் வாழ்க்கையின் மிகப் பெரிய சாகசம்." நிறையப் பேர் பாராட்டியிருந்தார்கள். ஒருவர், அந்த மூடித் துண்டு கிடைத்தால் அரும்பொருளாகும் என்று எழுதியிருந்தார்.

சனிக்கிழமை அண்ணன் கூப்பிட்டான். குரல் தடித்திருந்தது.

"பாப்பா, வந்துட்டேன்."

"அடிச்சாங்களாண்ணே?"

"அத விடு. சாப்ட்டியா?"

"அடிச்சாங்களா?"

"விடுன்னா விடேன். மொத நாளு மட்டும். அப்பறம் பேப்பரு வந்தோன்ன டீ குடுத்தானுங்க." தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "மத்தியாசுதான் எழுதிக் குடுத்தாராம்ல. மேடம் சொன்னாங்க. நல்ல மனுசன். நம்மளுக்காக எம்புட்டு தூரத்துல இருந்து எழுதியிருக்காரு பாரு."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அவருக்கு முட்டி எப்புடி இருக்கு? மலையில எறங்கயில வீங்கிப் போச்சு. அம்மா எண்ண தேச்சு விட்டுச்சு. ஊருக்குப் போயி டாக்டர்கிட்ட காட்டுறேன்னாரு. மூத்த மக வேற புள்ளத்தாச்சியா இருந்துச்சு, கிளாரான்னு பேரு. கொழந்த பொறந்துருக்கும். நான் விசாரிச்சேன்னு சொல்லு, என்ன?"

"சொல்றேன்."

"மறக்காம சொல்லு."

பேசி முடித்ததும் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, விருந்தாளி இணைப்பை நீக்கினேன். மிஞ்சியதற்கு இருபது எழுத்தில் கடவுச்சொல் போட்டேன். வெளியே பெஞ்சில் இருந்த ஒரு தம்பதி திரையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, என் சன்னல் பக்கம் திரும்பிக் கையசைத்தார்கள். நான் சன்னல் திரைச்சீலையை இழுத்து விட்டேன்.

மத்தியாஸை அதன்பின் கடைத்தெருவில் பலமுறை பார்த்திருக்கிறேன். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறார். நான் விசாரிக்கவில்லை.